அறுபதில் ஒரு பங்கு

அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் கொடுக்கிற சங்கச் செயலாளருக்கே அது மறந்துபோய்விட்டது. எல்லோருக்கும் அவர் மூணுவீசம்தான். மூன்றாம் மாடியில் மூன்று சகோதரிகள் இருக்கிறார்கள், மூவரும் ஒரே கண்ணாடிக் கடையில் வேலை. அவர்களில் இளையவள் வைத்த பெயர் அது. லிஃப்ட் எந்த மாடியிலும் வாசலுக்கு நேராக நிற்காது. ஒரு சாண், போனால் ஒரு அடி கீழேயே நின்றுவிடும். இறங்குகிறவர் காலைத் தூக்கி வைத்துத்தான் வெளியே வர வேண்டும். "முக்காலே மூணுவீசம் வந்தாச்சு, மிச்சத்தை நாமதான் ஏறிக்கணும்" என்று அவள் ஒருநாள் சொன்னாள். முக்காலே உதிர்ந்துபோய் மூணுவீசம் மட்டும் மனிதர்மேல் ஒட்டிக்கொண்டது.

வேறொருவராக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். இவர் கணக்குப் போட்டார். நாள் முழுக்க ஒரு கூண்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு வேறென்ன பொழுதுபோக்கு? வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. நாலில் மூன்றையும் பதினாறில் மூன்றையும் எடுத்த எடுப்பில் கூட்டப் பார்த்தார், வரவில்லை. துண்டுகள் ஒரே அளவில் இல்லையே, எப்படி வரும்? முக்காலையும் வீசம் வீசமாக உடைத்தால்தான் வழி. பன்னிரண்டு வீசம். அதோடு மூன்று. ஆகப் பதினைந்து. முழுசுக்கு ஒரே ஒரு வீசம்தான் குறை. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. பிறகு மனைவியிடம் போய், "அந்தப் பொண்ணு என்னைக் கிண்டல் பண்ணலை, பதினாறுக்குப் பதினஞ்சு மார்க் போட்டிருக்கா" என்றார். மனைவி ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர். நாளைக்கு முந்நூறு போர்வை தேய்த்துவிட்டு வருகிறவரிடம் வீசக் கணக்கு எடுபடுமா? "சரி, சாப்பிடுங்க" என்றார்.

அந்த லிஃப்ட் பட்டன் வைத்தது அல்ல. கைப்பிடி வைத்தது. கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் ஏறும், இடப்பக்கம் தள்ளினால் இறங்கும், கையை எடுத்தால் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். சுற்றிலும் கம்பிக் கூண்டு, கூண்டைச் சுற்றிக்கொண்டு மாடிப்படி. தரையிலிருந்து ஆறாம் மாடிக்குச் சரியாக அறுபது விநாடி. இறங்கவும் அறுபது. ஒருவர் ஏறினாலும் நால்வர் ஏறினாலும் அதில் மாற்றமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அறுபத்திரண்டு எண்ணிவிட்டார், கூண்டு உச்சியில் போய் முட்டியது. அந்தப் பயம் இருபத்தேழு வருடமாகியும் விடவில்லை. அதிலிருந்து எந்த மாடிக்கு ஏறினாலும் ஒரு விநாடி முன்னதாகவே கையை எடுத்துவிடுவார். கூண்டு ஒரு அடி கீழே நின்றுவிடும். இதுதான் அவருடைய வாழ்க்கையின் ஒரே தொழில்நுட்ப ரகசியம்.

அந்த ஒரு அடியில்தான் செயலாளர் தடுக்கி விழுந்தார்.

செயலாளர் முதல் மாடியில் தனியாக இருப்பவர். தேர்வு அலுவலகத்தில் மார்க் கூட்டும் வேலையில் முப்பத்து நாலு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் மாடிக்கு லிஃப்ட் எதற்கு என்று கேட்கக் கூடாது, பராமரிப்புக்குப் பங்கு கொடுக்கிறார் அல்லவா, ஏறித்தான் தீருவார். அன்று விழுந்ததில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மூக்குக்கண்ணாடிதான் இரண்டாக உடைந்தது. எழுந்து நின்றவர் இரண்டு துண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, "பட்டன் லிஃப்ட் போட்டுடுவோம்" என்றார். பட்டன் லிஃப்ட் வந்தால் ஓட்ட ஆள் வேண்டாம். ஆள் வேண்டாம் என்றால் படிக்கட்டுக்குக் கீழே அந்த ஆளும் மனைவியும் இருக்கிற அறையும் வேண்டாம், அங்கே மோட்டார் வைத்துவிடலாம். பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, லிஃப்ட் ஓட்ட ஆள் வேண்டுமா வேண்டாமா, ஓட்டெடுப்பு என்று பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? பசை வாளியோடு மூணுவீசம்தான்.

இந்தக் கட்டடத்தின் ஓட்டுமுறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை புரியாது. மாடிக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு ஓட்டு. இதுவரைக்கும் ஒழுங்குதான். இரண்டாம் மாடியில் ஒரு தம்பதி இருக்கிறார்கள். விவாகரத்தாகிப் பதினோரு வருடம் ஆகிறது. வீடு யாருக்கு என்று மட்டும் கோர்ட் இன்னும் சொல்லவில்லை, ஆகவே இருவரும் காலி செய்யாமல் நடுவில் ஒரு பீரோவை நிறுத்திவிட்டு வாழ்கிறார்கள். முன்பு ஒருமுறை தண்ணீர்த் தொட்டிக்கு என்ன நிறம் அடிப்பது என்று ஓட்டு வந்தபோது, வீட்டின் ஓட்டுச் சீட்டைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது. சீட்டை வாங்கி நடுவில் கிழித்து ஆளுக்குப் பாதி கொடுத்தார். கோபத்தில் செய்ததுதான். ஆனால் அடுத்த கூட்டத்தில் மற்ற வீடுகள் சும்மா இருக்குமா? எங்கள் வீட்டிலும் கருத்து வேறுபாடு உண்டு என்று ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். அன்று முதல் அது சட்டமாகிவிட்டது. ஒரு வீட்டில் எத்தனை பெரியவர்களோ சீட்டை அத்தனையாகக் கிழிக்கலாம்.

அந்தப் பத்து நாளும் மூணுவீசத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே அவர் கையிலிருக்கும் துண்டு எந்தப் பக்கம் என்று குறிபார்ப்பார். இருபத்தேழு வருடமாக ஒரு அடி கீழே நிறுத்தியவரை யார் வைத்துக்கொள்வார்கள் என்று ஒருநாள் தோன்றும். பல்வலிக்காரர்களை நாலாம் மாடிக்கு எத்தனை பக்குவமாக ஏற்றியிருக்கிறோம், பல் டாக்டர் கைவிடமாட்டார் என்று மறுநாள் தோன்றும். அறையில் மனைவி அட்டைப்பெட்டிகளைப் பரப்பி வைத்திருந்தார்.

"இன்னைக்கு எப்படி இருக்கு?"

"மூணாவது மாடியில மூணுல ரெண்டு நம்ம பக்கம். மூத்தவ மட்டும் லிஃப்ட்ல எண்ணெய் வாடை அடிக்குதுங்கிறா."

"அப்ப மூணுல ஒரு பங்கு பாத்திரம் பெட்டிக்குள்ள போகட்டும்" என்று சொல்லி, அவ்வளவை மட்டும் எடுத்து வைத்தார். மறுநாள் ஐந்தாம் மாடிச் செய்தி மோசமாக இருந்தது. முக்கால்வாசித் துணி பெட்டிக்குள் போயிற்று. ஆறாம் மாடியில் சேர்ந்து குடியிருக்கும் ஐந்து நர்சுகளில் மூவர் சாதகம் என்று தெரிந்ததும் இரண்டு தட்டு வெளியே வந்தன. அந்தப் பத்து நாளில் அவர்கள் எந்தப் பெட்டியில் கரண்டி இருக்கிறது என்று தெரியாமல் கையால்தான் பரிமாறிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு எதிரே, நாற்காலிகளை வரிசையாகப் போட்டதும் அவர்தான். எல்லோரும் பிஸ்கட் டின்னில் தங்கள் சீட்டைப் போட்டார்கள். பிறகு அதை மேஜைமேல் கொட்டினார்கள். பதினாறு காகிதத் துண்டுகள். கையால் கிழித்தவை என்பதால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஐந்தாம் மாடிக் கால் துண்டு ஒன்று மூன்றாம் மாடி மூன்றிலொன்றைவிடப் பெரிதாக இருந்தது. "எங்க வீட்டுக்காரர் கிழிச்சா அப்படித்தான், ரொட்டியும் அப்படித்தான் பிய்ப்பாரு" என்று ஐந்தாம் மாடி மருமகள் சொன்னாள். பல் டாக்டர் ஒரு தராசு கொண்டுவரலாமா என்று கேட்டார். பேப்பர் எடை காட்டாது, உங்கள் பேச்சுதான் கனம் என்று இரண்டாம் மாடி அம்மாள் வாயை அடைத்துவிட்டார்.

செயலாளர் ஒட்டுப்போட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீடு வாரியாக வாசித்தார். அவருடைய முழு ஓட்டு வேண்டாம் என்பது. இரண்டாம் மாடியில் அம்மாள் வேண்டாம் என்று போட்டதால் ஐயா வேண்டும் என்று போட்டிருந்தார். ஆக, வேண்டும் இரண்டில் ஒன்று. மூன்றாம் மாடி, மூன்றில் இரண்டு வேண்டும். நாலாம் மாடிப் பல் டாக்டர், முழு ஓட்டும் வேண்டும். ஐந்தாம் மாடியில் நாலு பேர், நாலில் ஒன்றுதான் வேண்டும். ஆறாம் மாடி, ஐந்தில் மூன்று வேண்டும். மூணுவீசம் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றார். ஆறு ஓட்டில் மூன்றுக்கு மேல் வந்தால் வேலையும் அறையும் தங்கும். சரிபாதி வந்தால் செயலாளர் முடிவே முடிவு. அது என்ன முடிவு என்று அந்த உடைந்த கண்ணாடியே சொன்னது.

செயலாளர் பேனாவை எடுத்தார். முப்பத்து நாலு வருடப் பழக்கம், கை தானாக ஓடியது. பின்னங்களில் மேலே இருப்பதையெல்லாம் கூட்டினார், எட்டு. கீழே இருப்பதையெல்லாம் கூட்டினார், பதினாறு. "பதினாறுக்கு எட்டு. சரிபாதி" என்றார்.

"அது எப்படி சார்?" என்றார் பல் டாக்டர்.

"எப்படின்னா? ஒரு பேப்பர்ல நாற்பதுக்கு முப்பது, இன்னொரு பேப்பர்ல அறுபதுக்கு ஐம்பது வாங்கினா மொத்தம் நூறுக்கு எண்பது. லட்சம் பேருக்கு இப்படித்தான் கூட்டியிருக்கேன். ஒருத்தன்கூடத் தப்புன்னு சொன்னதில்லை."

அவர் சொன்னதும் பொய்யில்லை. மார்க்குக்கு அதுதான் சரி. பிழை என்னவென்றால் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவர் மார்க்காகப் பார்த்ததுதான். செயலாளர் தன் முடிவைச் சொல்லத் தொண்டையைச் செருமினார். மூணுவீசத்துக்கு அறையிலிருக்கும் அட்டைப்பெட்டிகள் கண்முன் வந்தன. இருபத்தேழு வருடத்தில் கூட்டம் நடக்கும்போது அவர் பேசியதே இல்லை. வாயைத் திறந்தபோது குரல் அவருடையதுபோலவே இல்லை.

"சார், ஒரே ஒரு சந்தேகம். ரெண்டாவது மாடியை மட்டும் கூட்டிக் காட்டுங்க. ஐயாவோட பாதி, அம்மாவோட பாதி."

"இதென்ன பெரிய கணக்கு? மேலே ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழே ரெண்டும் ரெண்டும் நாலு. நாலுக்கு ரெண்டு. அதாவது..." செயலாளர் பேனாவை நிறுத்தினார். "அதாவது பாதி."

"அப்ப எங்க வீட்டுல மிச்சப் பாதி எங்கய்யா போச்சு?" என்று இரண்டாம் மாடி ஐயா எழுந்தார்.

"என் பாதியா போச்சு, அவரு பாதியா போச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல" என்று அம்மாளும் எழுந்தார். பதினோரு வருடத்தில் இருவரும் ஒரே பக்கம் நின்று கத்தியது அன்றுதான். பழக்கம் விட்டுப்போனதால் இருவருக்கும் கூச்சமாகி, சீக்கிரமே உட்கார்ந்துவிட்டார்கள்.

"துண்டெல்லாம் ஒரே அளவா இருந்தாத்தான் சார் எண்ண முடியும்" என்றார் மூணுவீசம். "பாதியும் மூணுல ஒண்ணும் நாலுல ஒண்ணும் அஞ்சுல ஒண்ணும் ஒரே ஜாதி ஆகணும். எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணு இருக்கு. ஒரு ஓட்டுன்னா கீழேருந்து மேலே ஒரு முழு ஓட்டம், அறுபது செகண்டுன்னு வச்சுக்குவோம். பாதின்னா முப்பது செகண்டு. மூணுல ஒண்ணு இருபது, நாலுல ஒண்ணு பதினஞ்சு, அஞ்சுல ஒண்ணு பன்னெண்டு. எதுவும் பிசிறு இல்லாம வருது பாருங்க. மூணு ஓட்டுன்னா மேலே, கீழே, மறுபடி மேலே. அதைத் தாண்டினா ஜெயிப்பு."

பேப்பரிலேயே போட்டிருக்கலாம். போட்டுக் காட்டினால் செயலாளர் நம்பியிருக்கவும்கூடும். ஆனால் அந்தக் கட்டடத்தில் எதுவும் பேப்பரோடு முடிந்ததில்லை. "ஓட்டிக் காட்டு. கடிகாரம் நான் பிடிக்கிறேன்" என்று செயலாளர் பல் டாக்டரின் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் ஏறினார். முதலில் 'வேண்டாம்' ஓட்டுகளை ஓட்ட வேண்டும் என்றார். கூட்டம் மொத்தமும் படிக்கட்டில் ஏறிக்கொண்டது.

செயலாளரின் முழு ஓட்டுக்கு அறுபது விநாடி. மூணுவீசம் கைப்பிடியைத் தள்ளினார். ஐம்பத்தொன்பதில் கை தானாக விலகப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு விநாடி பிடித்தார். ஆறாம் மாடி வாசலுக்கு நேராக, கோடு கிழித்த மாதிரி நின்றது. அங்கே காத்திருந்த நர்சுகள் குனிந்து வாசலைப் பார்த்தார்கள். "இத்தனை நாள் ஏன்ணே இப்படி நிறுத்தலை?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இத்தனை நாள் சார் கடிகாரத்தோட பக்கத்துல நிக்கலைம்மா."

பிறகு இரண்டாம் மாடி அம்மாளின் பாதி, கீழ்நோக்கி முப்பது. மூன்றாம் மாடி மூத்தவளின் மூன்றிலொன்று, இன்னும் இருபது. ஐந்தாம் மாடியின் முக்கால், நாற்பத்தைந்து. அதில் பத்து விநாடியில் தரையைத் தொட்டு, மீதி முப்பத்தைந்தும் ஏற்றம். கூண்டு திசை மாறும்போதெல்லாம் கூட்டமும் படியில் மூச்சிரைக்க மாறியது. கடைசியாக நர்சுகளின் ஐந்தில் இரண்டு, இருபத்துநாலு விநாடி. "நிறுத்து" என்றார் செயலாளர். நின்றது. ஆறாம் மாடி வாசல் அவருடைய முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. ஒரு அடி குறை. நூற்றெழுபத்தொன்பது விநாடி.

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "நீ வேணும்னே..." என்று ஆரம்பித்தார்.

"கடிகாரம் உங்க கையில சார்."

இறங்கி வந்து 'வேண்டும்' ஓட்டுகளை ஏற்றினார்கள். பல் டாக்டருக்கு அறுபது, மேலே. இரு சகோதரிகளுக்கு நாற்பது, கீழே. இரண்டாம் மாடி ஐயாவுக்கு முப்பது, தரை தொட்டு முதல் மாடி வரை. மூன்று நர்சுகளுக்கு முப்பத்தாறு, ஏற்றம். மீதமிருந்தது ஐந்தாம் மாடியின் ஒற்றைக் கால் துண்டு, பதினைந்து விநாடி. மூணுவீசத்தின் உள்ளங்கை வியர்த்துக் கைப்பிடி வழுக்கியது. கொஞ்சம் கூடப் பிடித்தால் உச்சியில் முட்டும், கொஞ்சம் முன்னால் விட்டால் வேலை போகும். பதினாலில் ஆறாம் மாடிக்கு நேராக வந்து நின்றார். இன்னும் ஒரு விநாடி பாக்கி இருந்தது. மேலே போக இடமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கம்பிக் கதவைத் திறந்தார், அதற்கு ஒரு விநாடி ஆயிற்று.

"நூற்றெண்பத்தொண்ணு" என்றார் செயலாளர். மார்க்குக்காரர் மார்க்குக்காரர்தான், விழுந்த கோபத்தைவிடக் கணக்கு அவருக்குப் பெரிது. "அறுபதுல ஒரு பங்கு கூட. ஒரு மார்க்குல பாஸ் ஆனாலும் பாஸ்தான். ஆனா இனிமே நேரா நிறுத்தணும்" என்று சொல்லிவிட்டு, காலைத் தூக்காமலே வெளியே நடந்தார்.

அறைக்குப் போய்ச் சொன்னபோது மனைவி பெட்டிமேல் உட்கார்ந்து அழுதார். இருபத்தேழு வருடத்தில் அவர் அழுது மூணுவீசம் பார்த்தது குறைவு. அழுகை ஓய்ந்ததும், "முழுசா பிரிச்சுடலாமா, இல்ல அதுலயும் ஏதாவது பங்கு இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் முழுக்க அவருக்கு ஒரே நினைப்பு. ஒரு விநாடியில் ஜெயித்தால் எட்டுத் துண்டில் எது இல்லாவிட்டாலும் தோல்விதான். மற்ற ஏழு துண்டும் யாருடையவை என்று அவருக்குத் தெரியும். ஐந்தாம் மாடிக் கால் துண்டு மட்டும் தெரியாது. மருமகளாகத்தான் இருக்கும், அவளுடைய பார்சல்களை எத்தனை முறை வாசல்வரை தூக்கிக் கொடுத்திருக்கிறார். அவள் ஏறியதும், "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

அவள் முகம் கறுத்துவிட்டது. "நான் வேண்டாம்னுதான்ணே போட்டேன். என் தம்பியும், அவரும்கூட. பட்டன்னா சீக்கிரம் போகுமேன்னு நினைச்சோம். மன்னிச்சுக்கோங்க."

அந்த வீட்டில் மீதமிருப்பது ஒரே ஒருவர், அவளுடைய மாமியார். அந்த அம்மாள் பதினெட்டு வருடமாக லிஃப்டில் காலே வைத்ததில்லை. ஐந்து மாடியும் படியேறித்தான் போவார். மூணுவீசம் அவரை ஒரு மாடிகூட ஏற்றிவிட்டதில்லை.

சாயங்காலம் காய்கறிப் பையோடு அவர் மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மூணுவீசம் கூண்டை அங்கே நிறுத்திக் கதவைத் திறந்தார்.

"நீங்களாம்மா எனக்குப் போட்டது?"

"ஆமா."

"நீங்க இதுல ஏறினதே இல்லையே."

"எனக்குக் கூண்டுன்னா பயம்ப்பா. நடுவுல நின்னுபோச்சுன்னா?" அம்மாள் பையைக் கை மாற்றிக்கொண்டார். "ஆனா நான் இங்க நிக்கிறப்ப எல்லாம் நீ நிறுத்தி, 'ஏறுறீங்களாம்மா'ன்னு கேப்பே. நான் வேண்டாம்னுதான் சொல்வேன். பதினெட்டு வருஷமா நீயும் கேக்குறதை விடலை. வீட்டுல எங்கேயாவது போறப்ப என்னை யாரும் வர்றீங்களான்னு கேக்குறதில்லை, இவங்கதான் லிஃப்ட்ல வரமாட்டாங்களேன்னு விட்டுடுறாங்க. பட்டன் வந்தா அது கேக்குமா?"

அப்படிக் கேட்பதே மூணுவீசத்துக்கு நினைவில் இல்லை. வாய்ப்பழக்கம். கேட்க எவ்வளவு நேரம் ஆகும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். ஒரு விநாடி. கைப்பிடியைச் சட்டைத் துணியால் துடைக்கிறவர்போலக் குனிந்துகொண்டார்.

"ஏறுறீங்களாம்மா?" என்றார்.

"வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு அம்மாள் நாலாம் மாடிப் படியில் கால் வைத்தார். அவர் திருப்பம் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, மூணுவீசம் கதவைச் சாத்தினார். மேலே நர்சு ஒருத்தி மணியடித்துக்கொண்டிருந்தாள்.